செவ்வாய்ச் சிப்பும் வெள்ளிச் சிப்பும்: மைக்ரோஅரே சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆய்வகமொன்றில் நெல்லின் மரபணு வெளிப்பாட்டை மைக்ரோஅரே கொண்டு அளந்து வருகிறேன். மரபணுக்களுக்கான டிஎன்ஏ துண்டுகளை (புரோபுகளை) வரிசையாகப் பதித்த சிறு சிப்பு அது; சாயமேற்றிய மாதிரியை அதில் ஒட்டவிட்டால், எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை ஒளியின் அளவு காட்டும். ஒவ்வொரு சம்பா பருவத்திலும் புதிதாக வரும் மாணவர்கள், நான் செய்த அதே தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். கையுறை, ஆர்என்ஏ சிதைவு போன்றவற்றை இரண்டு முறை கெடுத்துத் தாமே கற்றுக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்ல நீர் நாற்று ஒரு நாள், உப்பு நாற்று இன்னொரு நாள்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கடைமடையில் உப்பேறிய வயலில் பயிர் கருகுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், உப்பைத் தாங்கும் மரபணுக்களைத் தேடி, ஓராண்டு மானியத்தில் பன்னிரண்டு சிப்புகள் வாங்கினேன். எல்லாச் சிப்புகளிலும் பொதுவாக இடும் ஒப்பீட்டு ஆர்என்ஏவுக்குப் பச்சைச் சாயம், மாதிரிக்குச் சிவப்பு. நல்ல நீரில் வளர்ந்த ஆறு நாற்றுகளைச் செவ்வாய்க்கிழமையும், உப்பு நீரில் நின்ற ஆறையும் வெள்ளிக்கிழமையும் ஓட்டினேன். ஒத்த மாதிரிகளை அருகருகே சேர்த்துக் காட்டும் கொத்துப் படத்தில் இரு குழுக்களும் வாய்க்காலின் இரு கரைகளைப்போலப் பிரிந்து நின்றன, மகிழ்ந்துபோனேன்.

பிரித்தது உப்பா, கிழமையா என்று அந்தத் தரவிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சாயக் குப்பி, கழுவும் கரைசலின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஓசோன் எல்லாமே நாளுக்கு நாள் மாறுபவை. அதிலும் சை5 என்னும் சிவப்புச் சாயம் ஓசோனில் எளிதில் மங்கிவிடும். நாள் வேறுபாட்டைக் கணக்கிட்டுக் கழிக்கும் காம்பேட் போன்ற திருத்தும் முறைகளும் இங்கே கைகொடுக்கா, ஏனெனில் நாளின் விளைவைக் கழித்தால் உப்பின் விளைவும் கூடவே கழிந்துவிடும். பிறகு நாளுக்கு மூன்றும் மூன்றுமாகக் கலந்து ஓட்டியபோது, பெருமையோடு சுவரில் ஒட்டியிருந்த மரபணுப் பட்டியலில் பெரும்பகுதி காணாமற்போயிற்று. சென்ற வாரம் ஒரு மாணவியின் குறிப்பேட்டில் ‘செவ்வாய்: கண்ட்ரோல்’ என்று கண்டதும், பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டேன்.

நாற்றைக் காலையில் சில, மாலையில் சில அறுப்பது

மேற்சொன்ன தவறேதான், கிழமைக்குப் பதில் இங்கே வேளை.

0.98 என்ற ஒட்டுறவு எண்ணில் மயங்குவது

இரண்டு சிப்புகளின் அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் இது, 1 என்றால் முழுப் பொருத்தம். மரபணுக்களின் சமிக்ஞை சில பத்துகளிலிருந்து பல ஆயிரங்கள்வரை பரவியிருப்பதால், வாடிய நாற்றையும் வாடாத நாற்றையும் ஒப்பிட்டாலும் இந்த எண் உயர்ந்தே வரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முன்னின்று நடத்தி 2006இல் வெளியான எம்ஏக்யூசி (மைக்ரோஅரே தரக் கட்டுப்பாட்டு) ஆய்வில், இரண்டு ஆர்என்ஏக்களை 3:1, 1:3 எனக் கலந்து, வரவேண்டிய விடை முன்பே தெரிந்த மாதிரிகளை உண்டாக்கினார்கள். நீங்களும் இலை ஆர்என்ஏவையும் வேர் ஆர்என்ஏவையும் அவ்வாறு கலந்து பாருங்கள். இலையில் மிகுந்த மரபணு, வேரின் பங்கு கூடக்கூட வரிசையாக இறங்க வேண்டும். வரிசை குலைந்தால் அந்த அளவீட்டை நம்ப வேண்டாம்.

ஒரே ஆர்என்ஏவை நான்கு சிப்புகளில் போடுவது

சிப்பு நான்கானாலும் அது ஒரு செடிதான், செடிக்குச் செடி உள்ள வேறுபாட்டை அது காட்டாது.

சிப்பு எந்த நெல்லுக்கானது என்று பாராமலிருப்பது

அஃபிமெட்ரிக்ஸின் நெல் சிப்பு பெரும்பாலும் ஜப்பானிகா என்னும் நெல் உட்பிரிவின் டிஎன்ஏ வரிசையைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. டெல்டாவில் நாம் விளைவிப்பதோ இண்டிகா என்னும் இன்னொரு உட்பிரிவு. 25 எழுத்து நீளமுள்ள புரோபில் நடு எழுத்து ஒன்று பொருந்தாவிட்டாலும் சமிக்ஞை குறையும், அதை மரபணு ஒடுங்கியதாக வாசித்துவிடுகிறார்கள். இரண்டு ரகங்களை ஒப்பிடுவதாயின், முதலில் இரண்டின் டிஎன்ஏவையும் சிப்பில் போட்டுப் பார்த்து, சரிவர ஒட்டாத புரோபுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.