பழுதான கைபேசியைத் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கூரியரில் அனுப்புவது எப்படி?

கைபேசியைப் பழுதுபார்க்க அனுப்புவதில் பெட்டி கட்டுவதுதான் சிரமமான வேலை என்று நான் நினைத்திருந்தேன். பெட்டி ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் நாள், அதே பழுதுடன் என்னிடமே திரும்பியும் வந்தது. உடன் இருந்த தாளில் "கணக்குப் பூட்டு நீக்கப்படவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. இரண்டாம் முறை சரியாக அனுப்பிக் கைபேசியை நல்லபடியாகப் பெற்ற பிறகு எழுதும் விளக்கம் இது என்பதால், கைபேசியை உரிமையாளரின் கணக்கோடு பிணைத்து வைக்கும் அந்தப் பூட்டைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

படி 1: கோரிக்கையைப் பதிவு செய்தல்

தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் பழுதுக் கோரிக்கையைப் பதிவு செய்து, கோரிக்கை எண்ணைப் பெறாமல் எதையும் அனுப்ப வேண்டாம். பதிவுக்கு, கைபேசியின் அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தேவைப்படும், *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். திரை இயங்கவில்லை என்றால், கைபேசி வந்த பெட்டியின் ஒட்டுச்சீட்டில் பார்க்கலாம். பழுதை விவரிக்கும் இடத்தில் "வேலை செய்யவில்லை" என்று எழுதாமல், "திரையின் கீழ்ப்பாதியில் தொடுகை பதிவாவதில்லை, சார்ஜ் ஏறும்போது இது அதிகமாகிறது" என்பது போல, எப்போது என்ன நடக்கிறது என்று எழுத வேண்டும்.

படி 2: தரவுகளும் சாவிகளும்

படங்களையும் தொடர்பு எண்களையும் பேக்கப் எடுப்பது அனைவரும் அறிந்ததே. வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு மட்டும், அந்தச் செயலிக்குள்ளேயே சென்று தனியாகப் பேக்கப் எடுத்துவிடுங்கள். அந்தப் பேக்கப்பை முழுக் குறியாக்கத்தில் வைத்திருப்பவர்கள் அதன் கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் பேக்கப்பைத் திறக்க வழியே இல்லை.

இதைவிட முக்கியமானது, இருபடிச் சரிபார்ப்புக்கான குறியீடுகளைத் தரும் செயலி. மற்றக் கணக்குகளின் சாவிகள் எல்லாம் அனுப்பப்போகும் கைபேசிக்குள்ளேயே இருந்தால், அது திரும்பும் வரை மின்னஞ்சலைக்கூடத் திறக்க முடியாமல் போகலாம். கூகுள் கணக்கில், அந்தச் செயலி இல்லாமலே நுழைய உதவும் 10 காப்புக் குறியீடுகளை, ஒவ்வொன்றும் 8 இலக்கமாக, முன்கூட்டியே பெற்று அச்சிட்டுக்கொள்ளலாம். கடவுச்சொல் செயலிகள் எத்தனை இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் என் நம்பிக்கை காகிதத்தின் மேல்தான்.

படி 3: கணக்குப் பூட்டை நீக்குதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். என் ஆண்ட்ராய்டு கைபேசியில் திரை பாதிதான் இயங்கியது. ஆகவே அமைப்புகளுக்குள் செல்லாமல், பவர் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டேன். எல்லாம் அழிந்ததைப் பார்த்து நிம்மதியாக அனுப்பினேன். ஆனால் ஒரு கைபேசியைத் திருடியவரும் இதே பொத்தான்களைத்தான் அழுத்துவார். அதனால்தான் 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், இவ்வாறு அழிக்கப்பட்ட கைபேசி முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கிறது. பழுதுபார்ப்பவரும் திருடரும் அந்தக் கைபேசிக்கு ஒன்றுதான்.

சரியான முறை இது: அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குச் சென்று கூகுள் கணக்கையும், தயாரிப்பு நிறுவனத்தின் கணக்கு இருந்தால் அதையும் நீக்கிவிட்டு, அதன்பின் அமைப்புகளின் வழியாகவே ரீசெட் செய்ய வேண்டும். தொடுகை இயங்காதவர்கள், யு.எஸ்.பி. சாதனங்களைக் கைபேசியோடு இணைக்க உதவும் ஓ.டி.ஜி. இணைப்பான் ஒன்றை வாங்கி, சாதாரண யு.எஸ்.பி. மவுஸைக் கைபேசியில் செருகுங்கள்; பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் திரை மீது ஒரு சிறிய அம்பு தோன்றும், எல்லாவற்றையும் அதைக் கொண்டே சொடுக்கலாம். திரும்பி வந்த கைபேசியில் நான் இப்படித்தான் கணக்கினுள் நுழைந்தேன். சரிபார்ப்புக் குறியீட்டைக் கேட்டபோது, அதைத் தரும் செயலி அதே கைபேசியில் அழிந்துபோயிருந்தது. பழைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்த காப்புக் குறியீடு ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது.

ஐபோனில் இந்தப் பூட்டு 2013-இல் ஐ.ஓ.எஸ். 7 உடன் வந்தது. அமைப்புகளின் வழியாக அழிக்கும்போது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் பூட்டும் நீங்கிவிடும். திரை முற்றிலும் இயங்காவிட்டால், ஐகிளவுட் தளத்தில் நுழைந்து கைபேசியை அழித்த பிறகு, அதைக் கணக்கிலிருந்தும் நீக்க வேண்டும். அழிப்பதோடு நிறுத்தினால் பூட்டு அப்படியே இருக்கும்.

அழிக்காமலே கொடுப்பதற்கென்று சாம்சங்கில் பராமரிப்பு முறையும், பிக்சலில் பழுதுபார்ப்பு முறையும், ஐ.ஓ.எஸ். 17.5 முதல் ஐபோனில் அதையொத்த ஒரு வசதியும் உள்ளன. நேரில் கொடுப்பவர்களுக்கு இவை நல்ல வசதிகளே. கூரியரில் அனுப்பும்போது, சில சமயம் வேறொரு கைபேசியே மாற்றாக வந்துவிடும் என்பதால், முழுவதும் அழித்து அனுப்புவதையே நான் விரும்புகிறேன்.

படி 4: பெட்டி கட்டுதல்

சிம், மெமரி கார்டு, உறை ஆகியவற்றை எடுத்துவிட்டு, காலியான சிம் தட்டை மீண்டும் செருகிவிடுங்கள். அதற்கு முன், சிம் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஈரம்காட்டி அங்கே பொருத்தப்பட்டுள்ள கைபேசிகளில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும், தண்ணீர் பட்டிருந்தால் அது சிவப்பாகியிருக்கும். வெள்ளையாக இருந்தால் படம் எடுத்து வைப்பது நல்லது, ஏனெனில் உத்தரவாதத்தை மறுக்கும்போது முதலில் சொல்லப்படும் காரணம் அந்தச் சிவப்புதான்.

கைபேசியை அணைத்து, குமிழித்தாளில் சுற்றி, சிறு பெட்டியிலும் பிறகு பெரிய பெட்டியிலும் வைக்க வேண்டும். பவர் பொத்தானின் மேல் தாள் இறுகினால் வழியிலேயே கைபேசி இயங்கத் தொடங்கலாம் என்பதால், அந்த இடத்தைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கும்போது எந்த ஓசையும் வரக்கூடாது. சார்ஜரையும் பவர் பேங்க்கையும் உடன் வைக்க வேண்டாம். கோரிக்கை எண்ணை வெளியிலும் உள்ளிருக்கும் ஒரு தாளிலும் எழுதுங்கள்.

படி 5: ஒப்படைத்தல்

பெட்டியின் மேல் கைபேசி என்று எழுதுவது திருட்டுக்கு அழைப்பு. ஆனால் கூரியர் படிவத்தில் அதை மறைப்பது தவறு. சாதனத்துக்குள் பொருத்தப்பட்ட லித்தியம் அயன் பேட்டரி, ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் யு.என். 3481 என்ற எண்ணின் கீழ் வருகிறது. 5,000 எம்.ஏ.எச். பேட்டரி, அது தேக்கும் ஆற்றலின் அளவான வாட்-மணியில் ஏறக்குறைய 19 வாட்-மணிதான் என்பதால், 20 வாட்-மணி வரையிலான செல்களுக்கும் 100 வாட்-மணி வரையிலான பேட்டரிகளுக்கும் உள்ள எளிய விதிகளுக்குள் அது அடங்கிவிடும். பொருளின் முழு மதிப்புக்குக் காப்பீடு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், பேட்டரி உப்பிய கைபேசியை இவ்வாறு அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். கூடவே கூடாது. சேதமடைந்த லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றுவது தடை செய்யப்பட்டுள்ளது. அதை அணைத்து, சார்ஜில் போடாமல், அழுத்தாமல் தனியே வைத்துவிட்டு, நிறுவனத்திடம் பேட்டரி உப்பியிருப்பதைச் சொல்லி வழி கேளுங்கள்.

மற்றொருவருக்குத் திரும்பி வந்த கைபேசியில், கைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்மான இ-சிம் இயங்கவில்லை. ஐ.எம்.இ.ஐ. எண்ணை ஒப்பிட்டபோது, வந்திருந்தது மாற்றுக் கைபேசி என்பது தெரிந்தது. பெட்டியைப் பிரித்தவுடன் *#06# அழுத்தி அந்த எண்ணைப் பாருங்கள். மாறியிருந்தால் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இ-சிம்மைப் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும்; கைபேசிக்குக் காப்பீடு இருந்தால் அங்கும் புதிய எண்ணைப் பதிய வேண்டும்.