மூன்று பஞ்சர், ஒரே முள்

கோவையில் ஒரு கல்லூரி மைதானத்தைப் பராமரிப்பது என் வேலை. 6 மணிக்குள் பிட்ச்சுக்குத் தண்ணீர் விட்டாக வேண்டும் என்பதால் 4 மணிக்கே கிளம்பி சிறுவாணி ரோட்டில் 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு அப்படியே அந்த ரோடு பைக்கோடு மைதானத்துக்குள் போய்விடுவேன்.

போன வாரம் பின் சக்கரம் மூன்று தடவை பஞ்சர். இரண்டு முறை பேட்ச் ஒட்டினேன், அப்புறம் புது ட்யூபே போட்டேன், அதுவும் மறுநாள் சப்பையாகக் கிடந்தது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருப்பேன், பாவம்.

ட்யூபைக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கி, வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாண் என்று அளந்தேன். பழைய ட்யூபில் பேட்ச் இருந்த அதே தூரம். சரி, கோளாறு டயரில்தான். டயர் லேபிளை வால்வுக்கு நேராக வைத்தே மாட்டுவேன், அதனால் இடம் சட்டென்று கிடைத்தது. விரலால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. பஞ்சை உள்ளே தேய்த்தபோது ஓரிடத்தில் இழை மாட்டியது. தலை முறிந்த நெருஞ்சி முள்! நகவெட்டியால் பிடுங்கினேன்.

முள் ரோட்டில் ஏறியதில்லை, நான் களை எடுக்காமல் விட்ட பவுண்டரி ஓரத்தில் ஏறியதுதான். இப்போது மஞ்சள் பூ தெரிந்ததுமே, காய் பிடிக்கும் முன் வேரோடு பிடுங்கிவிடுகிறேன். கேட்டிலிருந்து ஷெட் வரை சைக்கிளைத் தோளில் தூக்கிப் போகிறேன், வாட்ச்மேன் அண்ணன் சிரிக்கிறார்.