கடல் விரால் பிடிக்க வாடகைப் படகுப் பயணம்: திட்டமிடுவது எப்படி

கோபியா எனப்படும் கடல் விரால் மீனைப் பிடிப்பதற்காகத் தூண்டில் படகு அமர்த்துபவர்கள் பெரும்பாலும் முதலில் கட்டணத்தை விசாரிக்கிறார்கள், அடுத்துத் தேதியைச் சொல்கிறார்கள். ஆனால் இந்த மீனைப் பொறுத்தவரை முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு. நீர்ப்பரப்பில் கண்ணால் தேடிக் கண்டுபிடித்துத் தூண்டில் வீசப் போகிறோமா, அல்லது நங்கூரமிட்டு இரை தூவி வரவழைக்கப் போகிறோமா என்பதைத் தீர்மானித்துவிட்டால், எத்தகைய படகு வேண்டும், எத்தனை பேர் போகலாம், எந்நேரம் புறப்பட வேண்டும், எவ்வளவு காற்று வரை பொறுக்கலாம் என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அதிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

கிழக்குப் பசிபிக் நீங்கலாக உலகின் பெரும்பாலான வெதுவெதுப்பான கடல்களில் கடல் விரால் இயல்பாக உண்டு. சுமார் 2 மீட்டர் நீளம் வரை வளரக்கூடிய இம்மீன், தன் குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனமாகும். தூண்டிலில் பிடிபட்டவற்றுள் உலகச் சாதனையாகப் பதிவாகியிருப்பது 1985இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சுறா விரிகுடாவில் கிடைத்த 61.5 கிலோ மீன். நண்டை விரும்பி உண்ணும் இது, கடலடியில் இரையைக் கிளறிச் செல்லும் பெரிய திருக்கைகளின் பின்னாலும், சுறா, ஆமை ஆகியவற்றின் நிழலிலும் திரியும். மிதவை, பாலத்தூண், மூழ்கிய கப்பல், எண்ணெய்த் துரப்பண மேடை என்று நிலையாக நிற்கும் எதையும் ஒட்டியும் நிற்கும். பரந்த கடலில் மீனைத் தேடுவதைவிட, அது ஒண்டி நிற்கும் பொருளையும் விலங்கையும் தேடுவதே இந்தப் பயணத்தின் அடிப்படை.

பருவத்தை நாட்காட்டியைவிட நீரின் வெப்பநிலையே நன்றாகச் சொல்லும். நீர் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது கடல் விரால் கரையை நோக்கி நகரத் தொடங்குகிறது. அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவின் வடகரையோரம் வசந்த காலத்திலும், செசபீக் விரிகுடாவில் மே இறுதி தொடங்கிக் கோடை முழுவதும் இது கிடைப்பதற்கு இதுவே காரணம். எனவே ஒரே ஒரு நாளை மட்டும் பிடித்துவைக்காமல், பருவத்தின் நடுப்பகுதியில் ஒரு நாளும் அதையடுத்து ஒரு மாற்று நாளும் கேட்டு வைப்பது நல்லது. அந்த ஆண்டு நீர் தாமதமாகச் சூடேறினால், பருவத் தொடக்கத்தில் அமர்த்திய பயணம் வெறும் படகுச் சவாரியாக முடிந்துவிடும்.

கண்ணால் தேடிப் பிடிக்கும் முறையே என் தேர்வு. ஆனால் அதற்கு மூன்று பொருத்தங்கள் கூடிவர வேண்டும்: உயரமான வெயில், குறைந்த காற்று, படகின் மேல் உயரத்தில் நின்று பார்க்க ஒரு கோபுரத் தளம். சூரியன் தாழ்வாக இருக்கும்போது நீர்ப்பரப்பு கண்ணாடி போல் ஒளியைத் திருப்பியடிப்பதால், விடியற்காலையில் புறப்பட்டும் பயன் இல்லை. முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரையிலான நேரமே மதிப்புள்ளது. மேலிருந்து பார்க்கும்போது கடல் விரால் தட்டையான தலையும் பழுப்பு உடலுமாகத் தெரிவதால் புதியவர்கள் அதைச் சிறு சுறா என்று எண்ணி விட்டுவிடுவதுண்டு. நீர்ப்பரப்பின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடியும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் தூண்டிலுக்கு அடுத்தபடி முக்கியமானவை. மீனைக் கண்டதும் அதன் தலைமேல் வீசக் கூடாது. அது செல்லும் திசையில் சற்று முன்னால், அதைத் தாண்டி விழும்படி வீசி, அதன் பார்வைக்குக் குறுக்கே இழுத்து வர வேண்டும். இதற்கு ஓரளவு துல்லியமான வீச்சு வேண்டும் என்பதால், பயணத்துக்கு முன் தரையிலேயே பழகிக்கொள்வது வீண்வேலை ஆகாது. ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் வீச இடமிராது; ஆறு பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் நால்வர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

குழு பெரிதாக இருந்தாலோ, சிறுவர்கள் உடன் வந்தாலோ, வானம் மூட்டமாக இருந்தாலோ இரை தூவும் முறையே ஏற்றது. எண்ணெய்ப் பசையுள்ள மீனை அரைத்து நீரோட்டத்தில் கசியவிட்டு, உயிருள்ள விலாங்கையோ சிறு மீனையோ தூண்டிலில் கோத்துக் காத்திருக்க வேண்டும். நீரோட்டம் நின்றுபோனால் வாடை பரவாது. ஆகவே இதற்கு வெயிலைவிட ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையைப் பார்ப்பது அவசியம்.

படகு கேப்டனிடம் பேசும்போது, “மீன் கிடைக்குமா?” என்று கேட்பதால் பயனில்லை. கடல் விராலுக்கென்றே எத்தனை முறை போகிறார், கோபுரத் தளம் உண்டா, உயிர் இரைக்குத் தனிக் கட்டணமா, பிடித்த மீன் யாருக்குச் சொந்தம், காற்று மோசமானால் முன்பணம் திரும்புமா, நாள் மாற்றித் தரப்படுமா என்பவற்றைத் தெளிவாகக் கேட்டு, முடிந்தால் எழுத்தில் பெற வேண்டும். உரிமம், காப்பீடு, உயிர்காப்புச் சட்டைகள் பற்றிக் கேட்டால் நல்ல கேப்டன் யாரும் முகம் சுளிக்க மாட்டார். பல இடங்களில் படகின் மீன்பிடி உரிமமே பயணிகளுக்கும் பொருந்தும், ஆனால் எல்லா இடங்களிலும் அல்ல. குறைந்தபட்ச நீளம், ஆளுக்கும் படகுக்கும் உரிய வரம்பு, தடைக்காலம் ஆகியவை நீர்ப்பகுதிக்கு ஏற்ப வேறுபடுவதோடு ஆண்டுதோறும் மாறவும் கூடும். நீளத்தை வால் கவட்டின் நடுவரை அளப்பதா, வால் நுனிவரை அளப்பதா என்பதுகூட இடத்துக்கு இடம் மாறும். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது பாதுகாப்பு.

தூண்டில் பெரும்பாலும் படகிலேயே இருக்கும். சொந்தமாகக் கொண்டு செல்வதாயின், ஏழு முதல் எட்டு அடி நீளத் தடியும், 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும், முனையில் 50 முதல் 80 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் இழையும் போதும். கண்ணால் கண்டு வீச இரண்டு அவுன்ஸ் அளவுள்ள பளிச்சிடும் நிற ஜிக் (எடையுள்ள தலை கொண்ட செயற்கை இரை), உயிர் இரைக்கு வட்ட வடிவத் தூண்டில் முள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் கடைசிக் கட்டம். கடல் விரால் சில நேரம் எதிர்ப்பே காட்டாமல் படகோரம் வந்துவிடும். களைக்காத அந்த மீனைத் தளத்தில் ஏற்றினால் அது துள்ளித் தடிகளை முறிக்கும், கால்களையும் பதம்பார்க்கும். முதுகில் வரிசையாக உள்ள குட்டையான முட்கள் கூர்மையானவை. அது நன்கு களைக்கும் வரை ஓடவிட்டு, தளத்தை ஒதுக்கி, ஐஸ் பெட்டியின் மூடியை முன்கூட்டியே திறந்து வைத்த பின்னரே மேலே எடுக்க வேண்டும். கொக்கியால் குத்தித் தூக்குவதற்குத் தடை உள்ள இடங்களும் உண்டு. அளவு சந்தேகமாக இருந்தாலும் கொக்கியைத் தொடாமல் பெரிய கை வலையைப் பயன்படுத்தினால், குறைந்த நீளமுள்ள மீனைக் காயமின்றித் திரும்ப விட்டுவிடலாம். வைத்துக்கொள்ளும் மீனின் செவுளை உடனே வெட்டி இரத்தத்தை வடியவிட்டு ஐஸில் புதைக்க வேண்டும். சாதாரணக் குளிர்பெட்டியில் முழு மீன் அடங்காது என்பதால், பெட்டியின் நீளத்தையும் கேப்டனிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.