பொம்மை ஏன் தானாகக் குதிக்கிறது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. தசையின் மின்சமிக்ஞையால் ஆடும் விளையாட்டு ஒன்றை அக்கா மகன் செய்திருந்தான். அந்தச் சமிக்ஞையைப் பிடிக்க, முன்கையில் மூன்று எலெக்ட்ரோடு (தோலில் ஒட்டும் மின்தொடு வில்லை) ஒட்டியிருந்தான். முஷ்டியை இறுக்கினால் திரையில் பொம்மை குதிக்க வேண்டும். "மாமா, நான் சும்மாதான் இருக்கேன், அதுவா குதிக்குது!"

குதிக்க வைத்தது அவன் தசை இல்லை, சுவருக்குள் ஓடும் மின்சாரம். தோலின்மேல் கிடைக்கும் தசைச் சமிக்ஞை சில மில்லிவோல்ட்டைத் தாண்டாது. உடம்போ ஏரியல் மாதிரி சுற்றியுள்ள கம்பிகளின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அவன் இணையத்தில் எடுத்த நிரல் அமெரிக்க மின்சாரத்துக்கு எழுதியது, 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை அலையும் இரைச்சலை வெட்டும். மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ். அந்த ஓர் எண்ணை மாற்றியதும் பாதி ஆட்டம் அடங்கியது. மீதிக்குக் காரணம் மூன்றாவது எலெக்ட்ரோடு. அதுதான் ஒப்பீட்டுப் புள்ளி, மற்ற இரண்டையும் அதை வைத்துத்தான் அளப்பது. தசைமேல் இல்லாமல் முழங்கை எலும்பின்மேல் ஒட்ட வேண்டும். மற்ற இரண்டையும் பார்த்துப் பார்த்து ஒட்டுகிறவர்கள் இதை மட்டும் கடனே என்று ஒட்டுவார்கள்.

அப்புறம் வியர்வை. ஜாலான் பாசாரில் உதிரிப்பாகம் வாங்கி, வெயிலில் நடந்து வந்த கையோடு ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் ஓரம் கிளம்பிவிடும். ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள். அடுத்தது, எவ்வளவு இறுக்கினால் பொம்மை குதிக்கும் என்ற அளவு. தன் கைக்கு வைத்த அளவை மாற்றாமல் தங்கையை ஆடச் சொன்னான். அவளுக்குப் பொம்மை அசையவே இல்லை. ஆள் மாறினால் அளவும் மாற வேண்டும். விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோ 2009இல் அறிவித்த நாடி உணரியே எல்லாருக்கும் சரியாக வேலை செய்யாததால் கடைக்கு வராமல் போனது.

உள்ளங்கை வியர்வையை வைத்துக் குதிக்க வைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. பயந்த பிறகு தோலில் மாற்றம் தெரிய 1 முதல் 3 நொடி ஆகும். அதற்குள் பொம்மை குழியில் கிடக்கும். எதிரியின் வேகம், திரையின் இருட்டு போல மெல்ல மாறும் விஷயங்களுக்கு அது போதும்.

'மூளையால் ஆடுகிறேன்' என்பதையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். மூளை அலை 100 மைக்ரோவோல்ட்டைத் தொடுவதே அரிது. ஒரு கண் சிமிட்டல் அதை அமுக்கிவிடும். அட்டாரி என்ற விளையாட்டு நிறுவனம் 1984இல் காட்டி, விற்பனைக்கு விடாத மைண்ட்லிங்க் தலைப்பட்டையும் படித்தது நெற்றித் தசையைத்தான்.

இதெல்லாம் ஆட்டத்தை மட்டும் கெடுக்கும். சார்ஜர் செருகிய மடிக்கணினியோடு எலெக்ட்ரோடு ஒட்டிக்கொள்வது ஆளுக்கே ஆபத்து. பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

"பேட்டரி தீரப்போகுது மாமா."

தீரட்டும். முதலில் கையில் இருப்பதைக் கழற்று, அப்புறம் சார்ஜ் போடு.