சிபியுவில் ஓடும், ஜிபியுவில் படுக்கும்: நினைவகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ போட மறப்பது, எல்லை தாண்டி எழுதுவது எல்லாம் இங்கே வேண்டாம், அதை சானிட்டைசர் (நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி) பிடித்துவிடும். ஒரே சி++ நிரலை சிபியுவிலும் ஜிபியுவிலும் ஓட்ட உதவும் கோக்கோஸ், ராஜா நூலகங்கள் பக்கம் புதிதாக வருபவர்கள், நாங்கள் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கால லூப்புக்குள் நினைவகம் ஒதுக்குவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். சிபியுவில் சின்ன மல்லாக் (நினைவகம் ஒதுக்கும் அழைப்பு) என்றால் பெரும்பாலும் கைவசம் இருக்கும் இடத்தையே எடுத்துக் கொடுத்துவிடும், அதனால் யாருக்கும் வலிக்காது. என்விடியா ஜிபியுவில் இடம் ஒதுக்கும் கூடா மல்லாக் டிரைவர் வரை போய் வர வேண்டும். கூடா ஃப்ரீ இன்னும் மோசம், ஜிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை நின்றுவிடும்.

எங்கள் குழுவுக்கு வந்த ஒரு பையனின் வெப்பப் பரவல் நிரல், என்விடியாவின் ஏ100 ஜிபியுவில் சிபியுவைவிட மெதுவாக ஓடியது. அவன் கெர்னலையே (ஜிபியுவில் ஓடும் ஃபங்ஷன்) குடைந்துகொண்டிருந்தான். எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் என்சைட் கருவியில் டைம்லைனைத் திறந்தால் ஊசி ஊசியாகக் கெர்னல்கள், நடுவில் பெரிய பெரிய இடைவெளிகள். ஒவ்வொரு காலப்படியிலும் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள் 'டெம்ப்' என்று ஒரு வியூ, அதாவது தன் நினைவகத்தைத் தானே ஒதுக்கிக்கொள்ளும் கோக்கோஸ் வரிசை! அது பிறக்கும்போது பூஜ்யம் நிரப்ப ஒரு கெர்னல் தனியாக ஓடும், ஃபங்ஷன் முடிந்ததும் சத்தமில்லாமல் விடுவிக்கப்படும். நிரலில் ஃப்ரீ என்ற சொல்லே இல்லாததால் எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாது.

லூப்புக்கு வெளியே ஒருமுறை ஒதுக்கி உள்ளே அனுப்புங்கள். அளவு மாறிக்கொண்டே இருந்தால் பூல் (முன்பே எடுத்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் இடம்) வையுங்கள்: லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் அம்பயர் இருக்கிறது, கூடா 11.2 முதல் கூடா மல்லாக் அசிங்க் இருக்கிறது. ஆனால் ஒரே நிரலில் இரண்டு நூலகங்கள் ஆளுக்கொரு பூல் வைத்துக்கொண்டால், பாதி இடம் சும்மா கிடக்கும்போதே இடமில்லை என்று நிரல் விழும்.

மிரரை நம்பி டீப் காப்பியை விடுவது

கோக்கோஸின் கிரியேட் மிரர் வியூ, ஜிபியுவில் உள்ள வியூவுக்கு சிபியு பக்கம் அதே அளவில் ஓர் இணை வியூ தரும். நிரல் சிபியுவிலேயே ஓடினால் அது புது இடம் எடுக்காது, அதே வியூவைத் திருப்பித் தரும். ஆகவே இரண்டுக்கும் இடையே தரவை நகலெடுக்கும் டீப் காப்பி விட்டுப்போனாலும் அங்கே விடை சரியாக வரும், தப்பு ஜிபியுவில்தான் தெரியும். சிபியு சோதனைகளில் கிரியேட் மிரர் போடுங்கள், அது எப்போதும் தனி இடம் எடுக்கும்.

யூனிஃபைட் மெமரி பார்த்துக்கொள்ளும் என்பது

யூனிஃபைட் மெமரி என்றால் சிபியுவும் ஜிபியுவும் ஒரே முகவரியில் பகிரும் நினைவகம். ஆனால் ஏஎம்டியின் எம்ஐ250எக்ஸ் ஜிபியுவில் எக்ஸ்நாக் (பக்கம் கைவசம் இல்லாதபோது மறுபடி முயலும் வசதி) அணைந்திருந்தால் நினைவகப் பக்கங்கள் தாமாக இடம் மாறாது.

ஒரே த்ரெட்டில் பூஜ்யம் நிரப்புவது

ஒரு பக்கத்தை முதலில் தொடும் த்ரெட் எந்த சாக்கெட்டில் (சிபியுவில்) ஓடுகிறதோ, அதன் நினைவகத்திலேயே அது இடம் பிடிக்கும். அதனால் இரண்டு சாக்கெட் கணினியில் எல்லாப் பக்கங்களும் ஒரே சாக்கெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். கணக்கு ஓடும் அதே இணை லூப்பின் அமைப்பிலேயே நிரப்புங்கள்.