பனிமலையில் டார்ச் அணையாமல் இருக்க: பேட்டரியை ஃப்ரீசரில் சோதித்துத் தயார் செய்வது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் இங்கே டெல்லியில் நம்மாட்கள் சிலருக்குக் கால் தரையில் நிற்காது. கஷ்மீரி கேட்டில் இரவு பஸ் பிடித்து டேராடூன், அங்கிருந்து மலையடிவார ஊரான சாங்க்ரி, அப்புறம் உத்தராகண்டின் பனிச்சிகரம் கேதார்காந்தா. இன்னும் துணிந்தவர்கள் ஸ்பிதி, லே என்று போவார்கள். கேதார்காந்தா உச்சி சுமார் 12,500 அடி. அதற்குக் கிளம்புவது பெரும்பாலும் பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு. முந்தின நாள் முழு சார்ஜ் ஏற்றிய டார்ச் மினுக்கிவிட்டு அணைவது சரியாக அந்த நேரத்தில்தான்.

அணைந்ததும் "டூப்ளிகேட் பேட்டரி" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு பேட்டரியைக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய. பல சமயம் அந்த பேட்டரியில் சார்ஜ் அப்படியேதான் இருக்கும். ஜனவரியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வருமா? உள்ளே இருக்கிறது, ஆனால் வராது. பேட்டரியும் அப்படித்தான்: குளிரில் உள்ளே வேதிவினை மந்தமாகிறது, உள் மின்தடை ஏறுகிறது, டார்ச் அதிக மின்னோட்டம் கேட்டவுடன் வோல்டேஜ் சரிகிறது, டார்ச்சின் மின்சுற்று "பேட்டரி காலி" என்று நினைத்து நிறுத்திவிடுகிறது. எல்இடிக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, அதற்குக் கொண்டாட்டம்.

டார்ச்சைத் திறப்பது, பிளஸ் மைனஸ் பார்த்துப் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்குப் போவோம்.

படி 1: எந்த பேட்டரி

சாதாரண ஆல்கலைன் ஏஏ, ஏஏஏ செல்களைப் பனிக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருப்பது நீர்க்கரைசல். தயாரிப்பாளர்களே மைனஸ் 18 டிகிரி வரைதான் என்கிறார்கள், அதற்கு வெகு முன்னாலேயே அது இழுத்துப் பறிக்க ஆரம்பித்துவிடும். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் (எனலூப் மாதிரி) அதைவிட நன்றாகத் தாங்கும். என் ஓட்டு, ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ செல்லுக்கு. எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியத்துக்கு மைனஸ் 40 வரை கணக்கு; எடையும் ஆல்கலைனைவிடக் குறைவு. விலை வயிற்றைக் கலக்கும், ஆனால் அந்த இருட்டில் விலையெல்லாம் நினைவுக்கு வராது.

தூரத்துக்கு ஒளி அடிக்கிற, 'வேட்டை டார்ச்' என்று ஆன்லைனில் விற்கிற வகை பெரும்பாலும் 18650 என்கிற (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம்) ரீசார்ஜ் லித்தியம் அயான் செல்லில் ஓடும். (1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் இங்கே வேட்டைக்கே தடை. பெயரைப் பார்த்து மயங்காமல் மலைக்கு வாங்குங்கள். ஸ்பிதியில் கிப்பர் கிராமத்துப் பக்கம் பனிச்சிறுத்தை பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து அதன் முகத்தில் அடிக்காதீர்கள்.) நல்ல நிறுவனத்தின் 18650 மைனஸ் 20 வரை மின்சாரம் கொடுக்கும், திறன் குறைந்தாலும். உறையில் 9900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று போட்டிருந்தால் பொய். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நல்ல 18650-களே 3500 எம்ஏஎச் பக்கம்தான். சமையல் தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும்.

படி 2: ஃப்ரீசர் சோதனை

இதைச் செய்யாமல் யாரும் பஸ் ஏறாதீர்கள். முதலில் அறைச் சூட்டில் முழு சார்ஜில் அதிக ஒளியில் எரியவிட்டு, எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி முழு சார்ஜ் (ரீசார்ஜ் செய்ய முடியாத செல் என்றால் புது செல்). டார்ச்சை ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் துருவின தேங்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் இரவு முழுக்க வையுங்கள். இரண்டு கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் மைனஸ் 18 பக்கம் போகும். ஒற்றைக் கதவில் அவ்வளவு போகாது, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துவிடுங்கள்.

காலையில் பைக்குள் இருக்கும்போதே அழுத்தி எரியவிட்டு, கதவை மூடி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சட்டென்று எட்டிப் பாருங்கள். மங்கினதும் அதே குளிரில் குறைந்த ஒளிக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அது சளைக்காமல் எரியும், ஏனென்றால் கேட்கிற மின்னோட்டம் குறைவு.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இனிமேல்தான். டார்ச் அணைந்ததும் செல்லை உருவி, வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டர் வைத்தால், முக்கால்வாசி சார்ஜ் இருப்பது போல ஆரோக்கியமான வோல்டேஜ் காட்டும். உடனே "பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, டார்ச்தான் கெட்டுவிட்டது" என்று டார்ச்சைப் பிரிக்க ஆரம்பிப்பார்கள். மீட்டர் பேட்டரியிடம் மின்னோட்டம் எதுவும் கேட்பதில்லை, அதனால் சும்மா இருக்கும்போதுள்ள வோல்டேஜைத்தான் சொல்லும். டார்ச் எரியும்போது அது எவ்வளவு கீழே விழுகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. எனவே குளிரில் மீட்டரையும் நம்பாதீர்கள், டார்ச்சில் இருக்கிற பச்சை சிவப்பு விளக்கையும் நம்பாதீர்கள். பையைத் திறக்காமலேயே அறையில் இரண்டு மணி நேரம் விட்டு, சார்ஜ் ஏற்றாமல் மறுபடி அழுத்துங்கள். எரிந்தால் குளிர்தான் காரணம். எரியவில்லையென்றால் சார்ஜே தீர்ந்திருக்கிறது, அல்லது செல் கெட்டிருக்கிறது.

பையைத் திறக்காதீர்கள் என்பது சும்மா இல்லை. குளிர்ந்த உலோகத்தைச் சூடான அறையில் வெறுமனே வைத்தால் மேலெல்லாம் ஈரம் பூக்கும், டார்ச்சைத் திறந்து வைத்திருந்தால் உள்ளேயும் இறங்கும். மலையிலிருந்து ஹோம்ஸ்டேக்குள் நுழையும்போதும் இதே வேலைதான்.

படி 3: மலையில்

உதிரி செல் முதுகுப்பையில் இருக்கக்கூடாது, ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டில், மார்போடு ஒட்டி. இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள். 18650-ஐ வெறுமனே சாவிக்கொத்தோடு போடாதீர்கள், ஷார்ட் ஆகும். பத்து இருபது ரூபாய் பிளாஸ்டிக் டப்பா போதும். டார்ச்சின் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் தானாக எரிந்து தொலையாது.

உள்ளேயே பேட்டரி பொருத்திய ஹெட்லாம்ப்களை நான் பனிக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். செல்லை மாற்ற முடியாது, தனியாக எடுத்துச் சூடாக்கவும் முடியாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் லாம்ப்பையே உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது குறைந்த அல்லது நடுத்தர ஒளி போதும், வழி தேடும்போது மட்டும் அதிகம். அணைந்த செல்லை, அங்கே அறையைச் சூடாக்க வைத்திருக்கிற புகாரி அடுப்பு மேல் வைத்துச் சூடாக்கும் வீரர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அக்குள் போதும்.

படி 4: சார்ஜ்

லித்தியம் அயான் செல்லைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள். குளிரில் மின்சாரம் எடுக்கலாம், ஏற்றக்கூடாது. ஏற்றினால் லித்தியம், செல்லின் மைனஸ் முனையில் இருக்கிற கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். திறன் நிரந்தரமாகப் போகும், உள்ளே ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. காலையில் கூடாரத்தில் விறைத்துப்போன ஹெட்லாம்ப்பைப் பவர் பேங்கில் செருகுவது இதனால்தான் கூடாது. முதலில் இரண்டையும் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டதால் இரண்டு விஷயம். லித்தியம் ஏஏ போட்டதும் ஒருவருக்கு ஹெட்லாம்ப் ஏற்கவில்லையாம்; புது லித்தியம் செல் 1.5 வோல்ட்டைத் தாண்டிச் சுமார் 1.8 வரை காட்டும், சில பழைய லாம்ப்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது, கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லேவுக்கு விமானத்தில் போகிறவர்கள் உதிரி லித்தியம் செல்லையும் பவர் பேங்கையும் செக்-இன் பெட்டியில் வைக்க முடியாது, கைப்பையில்தான், செல் முனைகளில் டேப் ஒட்டி.