களிமண் போட்டும் எண்ணெய் ஏன் பிரிஞ்சு போகுது? எமல்ஷன்ல அடிக்கடி நடக்குற தப்புங்க

எமல்ஷன்னா எண்ணெயும் தண்ணியும் ஒன்னுக்குள்ள ஒன்னு சின்ன சின்ன துளியா கலந்து நிக்குறது. அது பிரியாம நிக்கணும்னா சோப்பு மாதிரி ஒரு சர்ஃபாக்டன்ட் இருந்தே ஆகணும்னு நிறைய பேர் நம்புறாங்க. நல்ல பொடிசான களிமண் துகளே அந்த வேலைய பாத்துடும், எண்ணெய் துளிய சுத்தி ஒட்டிக்கிட்டு பக்கத்து துளியோட சேர விடாது. பிக்கரிங் எமல்ஷன்னு பேரு, பிக்கரிங்ங்கற விஞ்ஞானி 1907ல எழுதுனாரு, ஆனா ராம்ஸ்டன்ங்கறவர் 1903லயே திடத்துகள் இப்படி ரெண்டு திரவம் சந்திக்கிற எல்லையில சேருறத சொல்லிட்டாரு, அவர் பேரையும் வச்சிருக்கணும்னு எனக்கு தோணும். வெறும் 10 நானோமீட்டர் ஆரம் இருக்குற உருண்டை துகள், எண்ணெயும் தண்ணியும் அத பாதிக்கு பாதி நனைச்சிருந்தா, அத அந்த எல்லைய விட்டு பிச்சு எடுக்க சாதாரண வெப்ப அசைவுல கிடைக்குற சக்திய விட ஆயிரக்கணக்கான மடங்கு வேணும்.

அப்புறம் ஏன் பிரியுது? பெரும்பாலும் தப்பு எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாடியே நடந்துடுது. பொடி, தண்ணி, எண்ணெய், உப்பு எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொட்டி மிக்ஸர ஓட்டுவாங்க. இதுக்கு வழக்கமா எடுக்குற சோடியம் பென்டோனைட்ங்கற களிமண் அடுக்கடுக்கா இருக்குற பொருள், ஒரு அடுக்கு சுமார் 1 நானோமீட்டர் தடிமன்தான், நடுவுல தண்ணி புகுந்து ஊதுனாதான் தனித்தனி தகடா பிரியும். உப்போ கால்சியம் நிறைஞ்ச கடின தண்ணியோ முதல்லயே இருந்தா அது சரியா ஊதாது, கட்டி கட்டியா நிக்கும், உள்ள காஞ்ச மாவு அப்படியே இருக்கும். அதனால உப்பில்லாத சுத்தமான தண்ணிய கலக்கிக்கிட்டே பொடிய கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க, ராத்திரி முழுக்க ஊற விடுங்க.

அடுத்ததுதான் முக்கியமான இடம், நானும் இதுல ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு இருந்தேன். களிமண் கண்ணாடி மாதிரி தெளிவா கரைஞ்சிருந்தா அதுதான் நல்லதுனு நெனச்சு உப்பே சேர்க்காம விட்டுடுவோம், ஆனா தகடுங்களோட முகம் நெகட்டிவ் சார்ஜ், எண்ணெய் துளி மேலயும் பெரும்பாலும் நெகட்டிவ், ஒன்ன ஒன்னு தள்ளிக்கிட்டே இருந்தா எப்படி போய் ஒட்டும்? ஊறினதுக்கு அப்புறம் கொஞ்சம் உப்பு சேர்த்தா அந்த தள்ளுவிசை குறையும், தகடுங்க லேசா கூட்டு சேரும், அந்த நிலைமையிலதான் துளி மேல நல்லா உக்காரும். லேப்போனைட்ங்கற செயற்கை களிமண்ண வச்சு, எண்ணெய்க்கு பதிலா டொலுயின்ங்கற கரைப்பான் போட்டு எமல்ஷன் பண்ணி பாத்த ஆராய்ச்சியிலயும் துகள் கூட்டு சேர்ந்த நிலையிலதான் நிலையா நின்னுச்சு. அதுக்காக உப்ப அள்ளி போட்டா பெரிய திரளா ஆகி அடியில படிஞ்சிடும். சரியான அளவு களிமண்ணுக்கு களிமண் மாறும், சின்ன சின்ன பாட்டில்ல லிட்டருக்கு 10, 20, 50, 100 மில்லிமோல்னு உப்ப ஏத்தி பாத்து கண்டுபிடிக்கறதுதான் வழி.

துளி பெருசா இருக்குன்னா உடனே மிக்ஸர் வேகத்த ஏத்துவாங்க. களிமண் பத்தலன்னா வேகம் எவ்வளவு ஏத்தியும் பிரயோஜனம் இல்ல, மூடாம கிடக்குற துளிங்க ஒன்னோட ஒன்னு சேர்ந்து, இருக்குற துகளால மொத்த மேல்பரப்பையும் மூட முடியுற அளவு வந்ததும்தான் நிக்கும். அந்த நிலையில களிமண்ண ரெண்டு மடங்காக்குனா துளி சைஸ் கிட்டத்தட்ட பாதியாகும். கையால குலுக்குறதும் பத்தாது, அது வேற விஷயம்.

மேல வெள்ளையா ஏடு மாதிரி கட்டி கீழ தண்ணி தெளிஞ்சா கெட்டுப்போச்சுன்னு கீழ கொட்டிடாதீங்க, ப்ளீஸ்! துளி பெருசா இருக்கறதால மிதக்குது, அவ்வளவுதான். மெதுவா ஆட்டினா திரும்ப கலந்துடும். மேல தெளிவான எண்ணெய் படலமா நின்னாதான் எமல்ஷன் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

பாதுகாப்புக்குன்னு சர்ஃபாக்டன்டும் சேர்க்கறது இன்னொரு பழக்கம். பாசிட்டிவ் சார்ஜ் உள்ளது களிமண்ல ஒட்டி அத எண்ணெய் பக்கம் சாய வைக்கும், கொஞ்சமா போட்டா உதவும், அளவு கூடுனா எமல்ஷனே தலைகீழா மாறி எண்ணெய்க்குள்ள தண்ணியா ஆகலாம். மத்த வகைங்க துகளோட இடத்துக்கு போட்டி போட்டு அத வெளிய தள்ளலாம். ஆர்கனோகிளேனு விக்கிறது ஏற்கனவே இப்படி மாத்துனதுதான், எண்ணெய்ல கலக்க வேண்டியது, தண்ணில போட்டா மேல மிதக்கும். லேப்போனைட் வச்சிருக்கவங்க அமிலம் பக்கம் போகாதீங்க, அதுல இருக்குற மெக்னீசியம் கரைஞ்சு வெளிய வந்துடும்.

எந்த வகை எமல்ஷன் வந்திருக்குன்னு சந்தேகமா இருந்தா ஒரு சொட்டு எடுத்து தண்ணில விடுங்க, பரவி கலந்தா தண்ணிக்குள்ள எண்ணெய், உருண்டையா அப்படியே நின்னா எண்ணெய்க்குள்ள தண்ணி.